டிம்ப்னாவின் ரொம்ப மோசமில்லாத குதிரை

பக்கத்து வீட்டுப் பெண்மணி டிம்ப்னா மாரினன் காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுவார். மாலையில் அதே பேருந்தைத் திரும்ப ஓட்டுவார். நடுவில் கிடைக்கிற நேரத்தில் குதிரை வளர்ப்பார். குதிரை வளர்ப்பவர் என்றதும் ஓட்டு லாயங்களையும் வெள்ளை வேலிகளையும் தொப்பி போட்ட வேலையாட்களையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அதெல்லாம் அயர்லாந்தின் கிழக்கே, கில்டேர் பக்கம். இது மேற்கு கிளேர். கில்ரஷிலிருந்து கடலைப் பார்த்துப் போகிற சாலையில் ஒன்பது ஏக்கர் நிலம், அதில் பாதி கோரை, மீதியில் ஒரே ஒரு குதிரை. கொல்லை மதில் ஒன்றுதான். அதற்கு அந்தப்பக்கம் அவர்கள், இந்தப்பக்கம் தமிழ்நாட்டிலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்த நான்.

குதிரையின் பெயர் பிடி. பிரிட்ஜெட் என்பதைச் சுருக்கி அப்படிக் கூப்பிடுவார்கள், பாதி ஊரில் அத்தைமார்களுக்கு அதுதான் பெயர். தமிழில் பிடி என்றால் பெண் யானை என்று ஒருநாள் டிம்ப்னாவிடம் சொன்னேன். அவர் வயலைத் திரும்பிப் பார்த்தார். சாம்பல் நிறத்தில், அகன்ற முதுகோடு, தூண் மாதிரி கால்களோடு பிடி நின்றுகொண்டிருந்தாள். "உங்க ஆளுங்களுக்கு விவரம் தெரிஞ்சிருக்கு," என்றார். அவள் வேலி தாண்டி ஓடியபோதெல்லாம் நான் பின்னாலேயே "பிடி! பிடி!" என்று கத்திக்கொண்டு ஓடியிருக்கிறேன். பெயரைச் சொல்கிறேனா, யாரையாவது பிடிக்கச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியாது.

பிடி பழைய அயர்லாந்துச் சாதி. ஏரும் இழுக்கும், வண்டியும் இழுக்கும், ஞாயிற்றுக்கிழமை சுவரும் தாண்டும். அந்தச் சாதி இப்போது அருகிவிட்டது. பிடியின் தாய் இந்த வயலில் பிறந்தவள், தாயின் தாயும் இந்த வயலில்தான். ஆனால் பிடிக்குப் பிறந்த ஏழும் ஆண். ஆண்குட்டிகளைக் காயடித்து விற்றுவிடுவார்கள். நல்ல குதிரைகளாகத்தான் போயின, ஒன்று பெல்ஜியத்தில் பெரிய பந்தயங்களில் தடை தாண்டிக்கொண்டிருந்தது. ஆனால் வம்சம் அதோடு சரி. ஒரு பெண்குட்டி வேண்டும். பிடிக்குப் பதினாறு வயது ஆகிவிட்டது. இன்னும் ஒரு குட்டி, மிஞ்சிப்போனால் இரண்டு.

அதிலும் ஒரு சிக்கல். சுற்றுவட்டாரத்துப் பொலிகுதிரைகள் எல்லாம் ஏதோ ஒரு வழியில் பிடிக்குச் சித்தப்பா, இல்லையென்றால் ஒன்றுவிட்ட அண்ணன். உறவில்லாத நல்ல பொலிகுதிரை தெற்கே கார்க்கில் இருந்தது. அதனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற செலவு பேருந்து ஓட்டுகிறவர் சம்பளத்தில் நடக்காது.

அப்போதுதான் எங்கள் ஊர்ச் சிறு வளர்ப்போர் சங்கத்துக்கு ஒரு வழி பிறந்தது. சங்கம் என்றால் ஒரு குதிரை, இரண்டு குதிரை வைத்திருக்கிற பத்துப் பதினைந்து பேர், மாதத்தில் ஒருமுறை மதுக்கடையின் பின்னறையில் கூடித் தேநீர் குடித்துச் சண்டை போடுவார்கள். கிராம வளர்ச்சி நிதி ஒன்று வந்தது. நான்கு குதிரைகளுக்குக் கார்க் பொலிகுதிரையோடு சேர்க்கை, போக்குவரத்து, மருத்துவர் செலவு எல்லாம் இலவசம். எந்த நான்கு என்பதுதான் கேள்வி. உள்ளூர்க்காரர் யார் தேர்ந்தெடுத்தாலும் அவர் அதற்குப் பிறகு மீதிப் பேர் வீட்டு இழவுக்குக்கூடப் போக முடியாது. ஆகவே வெளியாளைக் கூப்பிட்டார்கள். ஹாலந்துக்காரர், பெயர் ஆனலீஸ். குதிரை பார்ப்பதில் கெட்டிக்காரர். அவர் கண்ணால் பார்ப்பதற்குப் பாதி மதிப்பெண். குதிரையைப் பற்றி அதன் சொந்தக்காரர் சொல்வதற்குப் பாதி மதிப்பெண். வளர்ப்பவருக்குத் தன் குதிரை தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

நல்ல கொள்கைதான். வேறு எந்த நாட்டிலும் செல்லுபடியாகும்.

அவர் முதலில் வந்தது டிம்ப்னாவின் வீட்டுக்கு. ஏப்ரல் மாதம், தூறல். அதற்கு முந்தின இரண்டு நாளும் டிம்ப்னா பிடியைத் தேய்த்துக் குளிப்பாட்டி, வாலைச் சீவி, குளம்புக்கு எண்ணெய் பூசினார். காலையில் ஆனலீஸின் கார் திரும்புகிற சத்தம் கேட்டதும் ஒரு கைப்பிடி வைக்கோலை எடுத்துப் பிடியின் முதுகில் தூவினார்.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"பேசாம இரு பொண்ணே. இதுக்காகவே உக்காந்து சிங்காரிச்சேன்னு நினைச்சிடப் போறா."

ஆனலீஸ் உயரமானவர். மழைச்சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை.

"இப்பத்தான் வயல்லேர்ந்து இழுத்துட்டு வந்தேன், கண்டுக்காதீங்க," என்றார் டிம்ப்னா.

ஆனலீஸ் பிடியைச் சுற்றி வந்தார். காலைத் தூக்கினார், பல்லைப் பார்த்தார், நடக்கவிட்டுப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கேட்டார்.

"இவளோட சிறப்பு என்னன்னு நீங்க சொல்லணும்."

"சிறப்பா?" டிம்ப்னா யோசித்தார். "மூலைக்கு ஒரு கால் இருக்கு."

ஆனலீஸ் குனிந்து நான்கு கால்களையும் பார்த்தார்.

"குணம் எப்படி?"

"இன்னும் யாரையும் கொல்லல."

"குட்டிங்க?"

"ஏதோ வந்துச்சு, போச்சு. ஒண்ணு ரெண்டு தாண்டுதுன்னு சொல்லிக்கிறாங்க."

பெல்ஜியம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். டிம்ப்னா என் பூட்ஸ் மேல் தன் பூட்ஸை வைத்து அழுத்தினார்.

"மொத்தத்துல இவளைப் பத்தி உங்க கருத்து என்ன?"

"ரொம்ப மோசமில்ல," என்றார் டிம்ப்னா. அவர் கழுத்து சிவந்துவிட்டது. வாழ்நாளில் தன் குதிரையை அதற்கு மேல் அவர் புகழ்ந்ததில்லை. இந்த ஊர்க்காரர் காதில் அது மேளதாளத்தோடு விழும். ஆனலீஸ் அப்படியே எழுதிக்கொண்டார்: ரொம்ப மோசமில்லை.

இந்த நேரத்தில் மோஸி ஹெஹிர் வந்து வாசல் கேட்டில் சாய்ந்தார். மூன்று வயல் தள்ளி இருப்பவர், எழுபது வயது, இரண்டு குதிரை வைத்திருக்கிறார். தற்செயலாக வந்ததாகச் சொன்னார். சவரம் செய்திருந்தார்.

"இந்தக் கிழவியையா பாக்க வந்தீங்க?" என்றார் ஆனலீஸிடம். "தலையைப் பாருங்கம்மா. சவப்பெட்டியை நிமித்தி வெச்ச மாதிரி இல்ல?"

"உன் தலையை நிமித்தி வெச்சா அதுகூட இருக்காது," என்றார் டிம்ப்னா.

"பின்பக்கம் இருக்கே, அதுல ஒரு போஸ்ட் ஆபீஸ் கட்டலாம். நடந்து வந்தா டிம்ப்னாவோட பஸ்சுன்னு நினைச்சுப் பிள்ளைங்க கை காட்டுதுங்க. வயசு வேற ஆச்சு. நானா இருந்தா இதுக்கு மேல ஒரு ஓட்ஸ் மணியைக்கூட வீணாக்க மாட்டேன்."

ஆனலீஸின் முகம் வருத்தமாகியது. அதையும் எழுதிக்கொண்டு பேனாவை மூடினார். டிம்ப்னாவின் கையைப் பற்றி, "உங்க நேர்மைக்கு நன்றி. இப்படி வெளிப்படையா பேசறவங்க கம்மி," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

டிம்ப்னா சமையலறையில் ரொட்டி அறுத்தார், கெட்டிலை வைத்தார். சந்தோஷமாகவே இருந்தார். எனக்குத்தான் கவலை. பொதுவாகவே நான் அப்படித்தான், கார் ஸ்டார்ட் ஆக ஒரு நொடி தாமதித்தாலும் கவலைப்படுவேன். ஆனால் இந்த முறை காரணம் இருந்தது.

"டிம்ப்னா, அவங்க நம்பிட்டாங்க," என்றேன்.

"எதை?"

"நீங்க சொன்னதை. மோஸி சொன்னதையும். ஹாலந்துல ரொம்ப மோசமில்லன்னா ரொம்ப மோசமில்லன்னுதான் அர்த்தம். சுமார்னு அர்த்தம்."

டிம்ப்னாவின் கையில் வெண்ணெய்க் கத்தி அப்படியே நின்றது. "போஸ்ட் ஆபீஸ்?"

"அதையும் எழுதிக்கிட்டாங்க."

டிம்ப்னா நாற்காலியில் உட்கார்ந்தார். பிடிக்கு வயது பதினாறு, இந்த வசந்தம் போனால் அடுத்ததில் பதினேழு என்ற கணக்கு அவர் முகத்தில் ஓடியது.

"இப்பவே போய்ச் சொல்லிடலாம்," என்றேன். "பெல்ஜியத்தைச் சொல்லுங்க. அம்மா வழியைச் சொல்லுங்க. நல்ல குதிரைன்னு சொல்லுங்க."

"நானா? என் வாயால? என் குதிரையை?" அவர் என்னைப் பார்த்த பார்வையில் நிஜமான அதிர்ச்சி இருந்தது. "அதுக்கு நான் உடுப்பில்லாம கில்ரஷ் கடைத்தெருவுல ஒரு நடை போயிட்டு வந்துடுவேன்."

தற்பெருமை என்பது மட்டும் இல்லை. இங்கே ஒரு விலங்கையோ குழந்தையையோ புகழ்ந்தால் மூச்சு விடுவதற்குள் 'கடவுள் காப்பாத்தட்டும்' என்று சேர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு ஏதாவது ஆகிவிடும். இதை எனக்கு விளக்க யாரும் கஷ்டப்படவில்லை. எங்கள் வீட்டில் இதற்குப் பூசணிக்காய் உடைப்பார்கள். ஆனால் சொந்தக் குதிரையை அதன் சொந்தக்காரரே புகழ்ந்தால் கடவுள் பெயரும் கைகொடுக்காது.

"நான் சொல்லட்டா?"

"நீ என் பக்கத்து வீடு. நான்தான் சொல்லிக் குடுத்து அனுப்பினேன்னு ஊரே சிரிக்கும்."

மதியத்துக்கு மேல் மோஸியின் முறை. அவர் வந்து நம் கேட்டில் சாய்ந்தால் நாம் போய் அவர் கேட்டில் சாய வேண்டும், அது மரியாதை. மாலைப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்ததால் டிம்ப்னாவும் நானும் போனோம்.

அங்கே ஆனலீஸ் களைத்துப்போயிருந்தார். காலையிலிருந்து ஏழு வீடு பார்த்திருந்தார். மோஸி தன் செம்பட்டைக் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "இது ஒரு பிராணி. கிழக்கு எதுன்னு கேட்டா தெரியாது. நானும் எதுக்கோ வெச்சிருக்கேன், வீட்டுக்காரி திட்டறா," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனலீஸ் பேனாவைக் கீழே இறக்கினார்.

"ஐயா, நான் ஒண்ணு கேக்கலாமா? காலையிலேர்ந்து பாக்கறேன். ஒரு குதிரை முட்டாள். ஒண்ணு கோணல். ஒண்ணு வெறும் இறைச்சிக்குத்தான் ஆகும்னு அதோட முதலாளியே சொன்னார், சொல்லிட்டு அதுக்கு முத்தம் குடுத்தார். இந்த ஊர்ல நல்ல குதிரையே கிடையாதா?"

மோஸி தொப்பியைச் சரிசெய்தார். டிம்ப்னா வானத்தில் மழை வருமா என்று பார்த்தார். மழை ஏற்கெனவே பெய்துகொண்டிருந்தது.

"சரி," என்றார் ஆனலீஸ். "டிம்ப்னாவோட குதிரை. தலை சரியில்ல, பின்பக்கம் சரியில்ல, வயசாயிடுச்சு. அப்படின்னா அதை உங்களுக்குச் சும்மா குடுத்தாலும் வேண்டாம்தானே?"

"வேண்டாம்னு யாரு சொன்னா?" என்றார் மோஸி சட்டென்று. "வருஷா வருஷம் வித்துடுன்னு கேக்கறேன். இவதான் தர மாட்டேங்கறா."

"வருஷா வருஷமா?"

"அதோட அம்மாவையும் கேட்டேன்."

"இவ்வளவு மோசமான குதிரையை எதுக்குக் கேக்கறீங்க?"

பல்லைப் பிடுங்க வந்தவர் முன் வாயைத் திறந்துவிட்டவர் போல மோஸி நின்றார். அவர் தன் செம்பட்டையைப் பார்த்தார். நான்கு இடங்கள்தான், அவரும் ஒரு இடத்துக்காகத்தான் சவரம் செய்துகொண்டு நிற்கிறார். அது எனக்கே தெரிந்திருந்தது, அவருக்குத் தெரியாதா. பிறகு தொப்பியைக் கழற்றினார். தேவாலயத்துக்கு வெளியே அவர் தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

"ஏன்னா இந்தப் பக்கத்துல அது மாதிரி ஒரு குதிரை கிடையாது," என்றார். "எலும்பு அது. இந்தக் காலத்துக் குதிரைக்கெல்லாம் எலும்பா இருக்கு, பென்சில்தான் இருக்கு. அதோட பையன் பெல்ஜியத்துல வீட்டு உயரத்துக்குத் தாண்டறான். பிள்ளைங்க அது வயித்துக்கு அடியில பூந்து விளையாடும், அது மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கும். என் ரெண்டு குதிரையையும் சேத்து வெச்சாலும் அதோட ஒரு காலுக்கு வராது. கடவுள் அவளைக் காப்பாத்தட்டும்."

"கடவுள் காப்பாத்தட்டும்," என்றார் டிம்ப்னா அனிச்சையாக. உடனே முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. "உன்னை யாரு கேட்டா மோஸி?"

"இந்தம்மா கேட்டாங்க."

"கேட்டா சொல்லிடறதா? வெக்கமா இல்ல?"

"ரொம்ப வெக்கமாத்தான் இருக்கு," என்று மோஸி தொப்பியைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டார். நாங்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

ஆனலீஸ் கெட்டிக்காரர் என்று சொன்னேன் இல்லையா. மறுநாள் எல்லா வீட்டுக்கும் திரும்பப் போனார். இந்த முறை யாரையும் அவரவர் குதிரையைப் பற்றிக் கேட்கவில்லை. எந்தக் குதிரையை விலைக்குக் கேட்டு இல்லையென்று திரும்பினீர்கள் என்று மட்டும் கேட்டார். மதுக்கடையின் பின்னறையில் முடிவைச் சொன்னபோது பிடியின் பெயர் முதலில் வந்தது. செம்பட்டை ஐந்தாவது.

டிம்ப்னா மோஸிக்கு நன்றி சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் மோஸி ஊரைவிட்டே போயிருப்பார். அடுத்த வாரம் ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் கையில் ஒரு ஆப்பிள் கேக்கைத் திணித்து, "மேல கருகிடுச்சு, உன் நாய்க்குப் போடு," என்றார். அதில் எங்கும் கருகல் இல்லை. நாய்க்கு ஒரு துண்டாவது கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

பிடி மே மாதம் கார்க் போய் வந்தாள். சினை பிடித்தது. குளிர்காலம் முழுக்க அவள் அகன்றாள். கொட்டகைக் கதவில் பக்கவாட்டில்தான் நுழைய முடிந்தது. அடுத்த ஏப்ரலில் டிம்ப்னா கொட்டகையிலேயே நாற்காலி போட்டு, கம்பளியும் தெர்மாஸும் வைத்துக்கொண்டு இரவெல்லாம் காவல் இருந்தார். பிடி அவரையே பார்த்துக்கொண்டு மென்றுகொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போது குட்டி போடுவதில்லை என்று எல்லாக் குதிரைகளும் கூடிப் பேசி வைத்திருக்கின்றன. ஒரு காலையில் டிம்ப்னா வேறு வழியில்லாமல் பேருந்தை எடுக்கப் போனார். அந்த முக்கால் மணி நேரத்தில் பிடி வேலையை முடித்துவிட்டாள்.

முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடிந்து வந்த நான் எட்டிப் பார்த்தபோது வைக்கோலில் ஈரமாக, கறுப்பாக, கால்களே உடம்பாக ஒன்று எழுந்து நிற்க முயன்றுகொண்டிருந்தது. உடனே டிம்ப்னாவுக்குப் போன் செய்தேன்.

"மூச்சு விடுதா?" என்றார் டிம்ப்னா. பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

"விடுது, நிக்குது, விழுது!"

"ஆணா பொண்ணா?"

"தெரியலயே!"

"நீ நர்சுதானே, வாலைத் தூக்கிப் பாரேன்!"

"பிடி என்னைப் பாக்கறா டிம்ப்னா, நான் உள்ள போக மாட்டேன்."

கொஞ்ச நேரத்தில் மஞ்சள் பேருந்து முழுச் சுமையோடு எங்கள் சந்துக்குள் திரும்பியது. வேலிச்செடிகள் இரண்டு பக்கமும் முறிந்தன. டிம்ப்னா குதித்து இறங்கிக் கொட்டகைக்குள் ஓடினார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். கன்னமெல்லாம் ஈரம்.

"பொண்ணு," என்றார்.

பேருந்து ஜன்னல்களில் தலைகள் முண்டின. "பாக்கலாமா டிம்ப்னா? பாக்கலாமா?"

"முதல்ல சொல்லுங்க, அப்புறம் பாருங்க!"

முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில் கடவுள் காப்பாத்தட்டும் என்று கத்தினார்கள். பிடி காதை மடித்துக்கொண்டாள். அன்று பள்ளிக்கூடம் தாமதமாகத் தொடங்கியது. ஆசிரியை காரணம் கேட்டுவிட்டு, குட்டி என்ன நிறம் என்று மட்டும் விசாரித்தாராம்.

அன்று சாயங்காலம் மோஸி வந்தார். கேட்டில் சாய்ந்தார். குட்டி தாயின் பின்னால் நின்று அவரை எட்டிப் பார்த்தது. மோஸி முன்னாலிருந்து பார்த்தார், பக்கத்திலிருந்து பார்த்தார், நடக்கும்போது பார்த்தார். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய்விட்டார்.

டிம்ப்னாவின் முகம் வெளுத்தது.

"அவன் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சந்தோஷத்துல இருக்கும்," என்றேன், எனக்கே நம்பிக்கையில்லாமல்.

"மோஸியா? சவப்பெட்டின்னு சொல்லல, கோணல்னு சொல்லல, ஒண்ணுமே சொல்லலையே. அவன் கண்ணுக்கு ஏதோ பட்டிருக்கு. சொல்ல மனசு வரல. கால்ல ஏதோ இருக்கு."

மருத்துவரை வரவழைத்தார். மருத்துவர் குட்டியின் ஒவ்வொரு மூட்டையும் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, அருமையான குட்டி, கடவுள் காப்பாத்தட்டும் என்றார். டிம்ப்னாவுக்கு நிம்மதி வரவில்லை. டாக்டருக்குப் படிப்பு இருக்கிறது, மோஸிக்குக் கண் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே குட்டியின் பின்னங்கால்களை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் பின்னங்கால்கள் ஒருவிதமாகத் தெரியத் தொடங்கிவிட்டன.

மறுநாள் காலையில் பேருந்து கிளம்பும் முன்பே மோஸி கேட்டில் இருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"ராத்திரி பூரா யோசிச்சேன்," என்றார்.

டிம்ப்னா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லிடு மோஸி. எதுவா இருந்தாலும் சொல்லிடு."

மோஸி தொண்டையைச் செருமினார்.

"காது," என்றார். "காது கொஞ்சம் பெருசு. கழுதைக்குப் பொறந்த மாதிரி."

டிம்ப்னா மூச்சை விட்ட சத்தத்தில் வேலியிலிருந்த குருவி பறந்தது. அவர் கேட்டின் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார்.

"அது அவ அப்பன் வழி," என்றார். "எங்க பக்கம் யாருக்கும் அப்படிக் காது கிடையாது."